சிப்பு இல்லாத கிளிக்

ஹஸீனாவுக்கு எதையும் எடுத்த எடுப்பில் நம்பும் பழக்கம் கிடையாது. திண்டிவனம் பேருந்து நிலையத்தில் கண்டக்டர் "சீட்டு இருக்கு, ஏறுங்கம்மா" என்று கூவினால், அவள் கீழேயே நின்று ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்துவிட்டுத்தான் படியில் கால் வைப்பாள். மல்லாட்டை வாங்கப் போனால் மேலாகக் கிடப்பதைத் தொடமாட்டாள். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியில் இருப்பதை எடுத்து உடைத்துக் கடலையைப் பார்ப்பாள். குவைத்தில் வேலை செய்யும் அவள் கணவர் யாஹ்யா வீடியோ காலில் "சாப்டுட்டேன்" என்றால், "தட்டைக் காட்டுங்க" என்பாள். அவரும் இப்போதெல்லாம் தட்டை முதலில் காட்டிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிக்கிறார்.

இப்படிப்பட்டவளைத்தான், திண்டிவனத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை பல வீடுகள் கண்ணை மூடிக்கொண்டு நம்பின. அவள் தொழில் அப்படி. முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுப்பது அவள்தான். ஆண்கள் பக்கம் படம் எடுக்க ஸ்டுடியோக்காரர்கள் வருவார்கள். பெரிய பெரிய கேமரா, விளக்கு, பறக்கும் கேமரா எல்லாம் வரும். திரைக்கு இந்தப் பக்கம் அவர்களுக்கு வேலையில்லை. இந்தப் பக்கம் ஹஸீனா உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்ன கேமராவோடு, வந்த விருந்தாளிகளில் ஒருத்தி மாதிரி உட்கார்ந்திருப்பாள். அவள் எப்போது எடுத்தாள், எப்போது எடுக்கவில்லை என்று யாருக்கும் தெரியாது. யாஹ்யா முதல் முறை விடுமுறையில் வந்தபோது ஆசையாக வாங்கி வந்த கேமரா அது. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அவள், அதன் பொத்தான்களைத் தடவித் தடவியே கற்றுக்கொண்டாள்.

படம் எடுக்கத் தெரிந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். போன் இல்லாத கை ஏது? ஆனாலும் அவளைக் கூப்பிட்டதற்குக் காரணம், கல்யாணம் முடிந்ததும் அவள் செய்யும் ஒரு காரியம். எல்லாப் பெண்களும் பார்க்கும்படி கேமராவின் அடியைத் திறப்பாள். மெமரி கார்டை வெளியே எடுப்பாள். அதை அந்த வீடுகளில் யாரும் மெமரி கார்டு என்று சொல்வதில்லை, சிப்பு என்பார்கள். அந்தச் சிப்பைப் பெண்ணின் தாயார் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிடுவாள். "எல்லாம் இதுலதான் இருக்கு. என் கிட்ட ஒண்ணும் இல்ல" என்பாள். அதைத் தாளில் போட்டுக்கொள்வதோ, டிவியில் செருகிப் பார்ப்பதோ, பீரோவில் வைத்துப் பூட்டுவதோ அவர்கள் பாடு. சில வீடுகளில் கருகமணி கட்டும் சடங்குக்கு இருக்கும் மரியாதை சிப்பு கொடுப்பதற்கும் வந்துவிட்டது. "சிப்பு குடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் கிழவிகள் வேனில் ஏறுவார்கள்.

சிப்பு கைமாறிய பிறகு ஒரு கூத்து நடக்கும். பெண்களுக்கு அப்போதுதான் ஆசை வரும். "ஹஸீனா, எங்களையும் ஒண்ணு" என்று சூழ்ந்துகொள்வார்கள். "சிப்பு போயிடுச்சு, இனிமே சும்மா கிளிக்தான்" என்பாள் அவள். சும்மா கிளிக்கா, அப்படியானால் சரி என்று துப்பட்டாக்கள் சரியும். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள்கூட இடுப்பில் கை வைத்து நிற்பார்கள், நாக்கை நீட்டுவார்கள், ஆடுவார்கள். ஹஸீனா வெறும் கேமராவை வைத்து அழுத்துவாள். பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடிக்கும். எந்தப் படமும் எங்கேயும் போகாது என்பதால் எல்லாருக்கும் சிரிப்பு. படம் எடுப்பதைவிட இந்தப் படம் எடுக்காமல் இருப்பதற்காகவே தன்னைக் கூப்பிடுகிறார்களோ என்றுகூட அவளுக்குச் சில சமயம் தோன்றியதுண்டு.

அந்த கேமரா ஒரு மருதாணி விசேஷத்தின் நடுவில் செத்தது. லென்ஸ் பாதி வெளியே வந்து, கரகரவென்று ஒரு சத்தம் போட்டு, அப்படியே நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. பழுது பார்ப்பவர், இதற்குப் பாகமெல்லாம் இப்போது வருவதில்லை என்று கையை விரித்தார்.

அந்த வாரமே கோட்டக்குப்பத்திலிருந்து மஹபூப் பீவி கூப்பிட்டார். அவருடைய மூத்த மகள் கல்யாணத்தில்தான் ஹஸீனா முதல்முதலாகப் பெண்கள் பக்கம் படம் எடுத்தாள். அவர் நாலு வீட்டில் சொல்லித்தான் மற்ற வீடுகள் வந்தன. இப்போது இளைய மகள் நாசியாவுக்கு நிக்காஹ். மஹபூப் பீவி ஒரு சங்கதியையும் சொன்னார். சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் யாரோ ஒரு பெண் போனில் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்துவிட, அதை யார் யாரோ பார்த்து, இரண்டு குடும்பத்துக்கு இன்னும் பேச்சு வார்த்தை இல்லை. அதனால் இந்தக் கல்யாணத்தில் வாசலிலேயே பெண்களின் போன்களை வாங்கி ஒரு புது பிளாஸ்டிக் டப்பில் போட்டு மூடிவிடப் போகிறார்களாம்.

"உள்ள வர்றது உன் கேமரா ஒண்ணுதான். உன்னை நம்பித்தான் போனு வேணாம்னு சொல்லிக்கினு இருக்கேன்" என்றார்.

கேமரா செத்துப்போனதை ஹஸீனா அவரிடம் சொல்லவில்லை. மஹபூப் மாமி தன் வீட்டுக்கு வேண்டாம் என்றால் அந்தத் தெரு முழுவதும் வேண்டாம் என்றுவிடும். புதிதாக ஒன்று வாங்கியாக வேண்டும். அதுவும் அந்த வீடுகள் நம்பக்கூடிய ஒன்றாக வாங்க வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பிரபாவதிதான் துணைக்கு வந்தாள். அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டுப் பரீட்சை மேல் பரீட்சையாக எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிய பரீட்சை சரியா, எழுதாத பரீட்சை சரியா என்று யோசித்தே பாதி நாள் போய்விடும். இரண்டு பொருளை ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னால் மட்டும் அவளுக்கு முகம் மலர்ந்துவிடும். போனைத் தட்டித் தட்டி, சின்ன கேமராக்கள் புதிதாக வருவது குறைந்துவிட்டது, ஆனால் பழசுக்குத் திடீரென்று கிராக்கி வந்திருக்கிறது, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்து மங்கல் நிறம் பிடித்திருக்கிறதாம் என்று சொன்னாள்.

"நல்லா தெரியாததுக்கா கிராக்கி?" என்றாள் ஹஸீனா. அந்தக் கிராக்கி மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

பிரபாவதி கடைசியில் இரண்டைத் தேடிப்பிடித்தாள். ஒன்று திண்டிவனத்திலேயே, மார்க்கெட்டுக்குப் பின்னால் சீனுவாசன் என்பவர் வீட்டில். இன்னொன்று விழுப்புரத்தில் ஒரு கடையில்.

சீனுவாசன் நிலம் நீச்சு உள்ள மனிதர். பிரம்மதேசம் கோவில் கல்வெட்டுகளைப் படம் எடுக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதால் வெளிநாட்டில் இருக்கும் மகன் வாங்கி அனுப்பிய கேமராவாம். கறுப்பு நிறம். பெட்டி இருந்தது, பில் இருந்தது, திரையின் மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்கூட உரிக்கப்படாமல் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்ததும் ஹஸீனாவுக்கு உள்ளுக்குள் மணி அடித்தது. இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தவர் ஏன் விற்கிறார்? அவர், கண் முன்னைப்போல இல்லை, முட்டியும் ஒத்துழைக்கவில்லை, கல்வெட்டு எல்லாம் தரையோடு இருக்கிறது என்று விளக்கிவிட்டு, மனைவி கோவிந்தம்மாளைக் கூப்பிட்டு டீ போடச் சொன்னார். டீ வந்ததும் சந்தேகம் இன்னும் கூடியது. பழைய பொருளை விற்கிறவர் எதற்கு டீ கொடுக்க வேண்டும்?

அவள் கேமராவை வாங்கிப் பொத்தானை அழுத்தினாள். கேமரா அசையவில்லை. திரையில் ஏதோ ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியது. கார்டு இல்லை என்று சொல்கிறது, கார்டு போடாமல் இது எடுக்காது என்றாள் பிரபாவதி.

"என்னுது சிப்பு இல்லாமலே அடிக்குமே" என்றாள் ஹஸீனா. இது ஏதோ குறை என்று மனதில் வைத்துக்கொண்டாள்.

தன் சிப்பைப் போட்டுக்கொண்டு அவள் தன் பரிசோதனையை ஆரம்பித்தாள். பையிலிருந்து ஒரு கறுப்புத் துப்பட்டாவையும் ஜரிகைத் துண்டு ஒன்றையும் எடுத்து, வெளிச்சம் குறைந்த மூலையில் விரித்தாள். மெகாபிக்சல் பற்றியெல்லாம் அவளுக்கு அக்கறையில்லை. பெண்கள் பக்கம் பாதி பேர் கறுப்பில் இருப்பார்கள்; மட்டமான கேமரா கறுப்பை நீலமாகக் காட்டும், பக்கத்தில் இருக்கும் ஜரிகையை வெள்ளையாக்கிவிடும். இந்த கேமராவில் கறுப்பு கறுப்பாகவே வந்தது. மடிப்புகூடத் தெரிந்தது. ஜரிகை ஜரிகையாக மின்னியது. வாங்கிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே கேமராவைத் திருப்பியபோதுதான் பக்கவாட்டில் அந்தக் குறி கண்ணில் பட்டது. விசிறி மாதிரி மூன்று வளைவு.

"இது என்னாங்க?"

சீனுவாசனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அதாம்மா இதுல விசேஷமே. ஒயரு கியரு எதுவும் வேணாம். இங்க எடுத்தீங்கன்னா அப்படியே போனுக்குப் பறந்துடும்."

ஹஸீனா சூடான பாத்திரத்தை இறக்கி வைக்கிற மாதிரி கேமராவைப் பெட்டிக்குள் வைத்தாள். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு எழுந்தாள். டீ டம்ளரில் பாதி அப்படியே இருந்தது.

வழியெல்லாம் பிரபாவதி வாதாடினாள். அதை நிறுத்தி வைக்கலாம், நாமாக ஒரு போனோடு சேர்த்தால்தான் போகும், தானாக எங்கும் பறக்காது என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

"நிறுத்தி வெச்சது நிறுத்தினபடியே இருக்குதுன்னு எப்படிம்மா தெரியும்?"

"செட்டிங்ஸ்ல பாக்கலாம்க்கா."

"அந்த செட்டிங்ஸ் பொய் சொன்னா?"

சிறிது தூரம் போன பிறகு பிரபாவதி, நாம் எந்த செட்டிங்ஸையாவது சந்தேகப்பட்டிருக்கிறோமா என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள் போல. போனை எடுத்துப் பார்த்துவிட்டு, கவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

விழுப்புரம் கடை ரயில் நிலையத்துக்குப் போகும் சந்து ஒன்றில் இருந்தது. கடைக்காரர் இருதயராஜ், கைக்கடிகாரமும் பழைய கேமராவும் விற்பவர். கேமராவின் வாரை ஒரு கையில் பிடித்துக்கொண்டே மறு கையால் கேமராவை நீட்டினார். எருமையைக் கயிற்றோடு விற்பனைக்குக் காட்டுகிற மாதிரி இருந்தது. முன்பு ஒருத்தன் பார்த்துத் தருவதாகச் சொல்லி எடுத்துக்கொண்டு ஓடிவிட்டானாம்.

"நாங்க ஓடற ஆளுங்க மாதிரியா தெரியறோம்?" என்றாள் ஹஸீனா.

"அவனும் அப்படித் தெரியலம்மா" என்றார் இருதயராஜ், வாரை விடாமல்.

ஹஸீனாவுக்கு அந்த மனிதரை அப்போதே பிடித்துவிட்டது. வெள்ளி நிற கேமரா. சீனுவாசனுடையதைவிடப் பழசு, மூலையில் கீறல், பெட்டி கிடையாது. அவள் அதை முன்னும் பின்னும் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தாள். விசிறிக் குறி எங்கேயும் இல்லை. இது எதையும் வெளியே அனுப்பாது. பட்டிக்காட்டு கேமரா, வாயில்லாப் பூச்சி. நமக்கு இதுதான் சரி என்று நினைத்துத் தன் சிப்பை எடுத்தாள்.

இருதயராஜ் கையை நீட்டித் தடுத்தார். "வெளி சிப்பு எதுவும் இங்க செருகறதில்ல. யார் சிப்புல எந்த வைரஸோ. சும்மா அமுக்கிப் பாருங்க, வேலை செய்யுதான்னு தெரிஞ்சுடும்."

அவள் சும்மா அமுக்கினாள். வெளிச்சம் அடித்தது. திரையில் இருதயராஜின் கையும் வாரும் தெரிந்தன. அது மறைந்துவிடும் என்று பார்த்தாள். பழக்கத்தில் விரல் அம்புக்குறியைத் தொட்டது. இருதயராஜின் கை நகர்ந்து, ஒரு பெண் வந்தாள்.

யாரென்று தெரியாத பெண். நைட்டியில், ஈரத் தலையோடு, ஏதோ ஒரு வீட்டின் பின்பக்கம் துணி காயும் கொடிக்குப் பக்கத்தில், வேண்டாம் என்று ஒரு கையை நீட்டியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த படத்தில் அதே பெண், கை இன்னும் கிட்டத்தில். ஹஸீனா சட்டென்று கேமராவைக் கவிழ்த்தாள்.

"சிப்பே போடலையே. இது எங்கேர்ந்து வருது?"

பழைய சொந்தக்காரர் அழிக்காமல் கொடுத்துவிட்டார் போலிருக்கிறது என்றார் இருதயராஜ். இந்த மாதிரிப் பழைய கேமராக்களில் உள்ளேயே கொஞ்சம் இடம் இருக்கும், சிப்பு இல்லாமல் எடுத்தால் படம் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும், பத்துப் பதினைந்து படத்தில் நிரம்பிவிடும், அதற்கு மேல் வெளிச்சம் மட்டும் அடிக்கும், படத்தை வாங்காது என்று விளக்கினார். உங்களுடைய பழைய கேமரா எது என்று கேட்டார். ஹஸீனா பெயரைச் சொன்னாள்.

"அதுலயும் இருக்குமே" என்றார், சாதாரணமாக.

அவள் கேமராவை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது பிரபாவதி பாவம், அக்காவுக்கு வெள்ளி கேமரா பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டையும் மறுபடி போனில் ஒப்பிட ஆரம்பித்தாள். கறுப்பு கேமராவில் உள்ளே இடமே கிடையாது, அதனால்தான் கார்டு இல்லாமல் எடுக்க மாட்டேன் என்றது, அது குறை இல்லை என்று கண்டுபிடித்துச் சொன்னாள். ஹஸீனா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, சரி என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவள் மனதில் ஓடியது ஒன்றே ஒன்றுதான். எத்தனை வீட்டில், எத்தனை பேர் கையை மடக்கி, என் கிட்ட ஒண்ணும் இல்ல என்று சொன்னோம்?

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டாள். பழைய கேமராவின் பாட்டரியைச் சார்ஜரில் போட்டுவிட்டு, அது ஏறும் வரை சோறு வடிக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் நடந்தாள். லென்ஸ் இறுகிக் கிடந்ததால் கேமரா படம் எடுக்கவில்லை. எடுத்த படத்தைக் காட்டும் பொத்தானை அழுத்தியபோது மட்டும் திரை பிழைத்துக்கொண்டது. சிப்பு வாசல் காலியாகத் திறந்து கிடக்க, படங்கள் ஒவ்வொன்றாக வந்தன.

எல்லாமே மஹபூப் பீவியின் மூத்த மகள் கல்யாணம். அந்த ஒரு வீட்டிலேயே உள்ளிடம் நிரம்பிவிட்டிருக்கிறது. பிறகு எத்தனையோ வீடுகளில் அடித்ததெல்லாம் உண்மையாகவே வெறும் வெளிச்சம்தான். அப்போதெல்லாம் திரையில் ஏதோ ஆங்கிலத்தில் வரும், அவள் அதைக் கண்டுகொண்டதில்லை. அந்த அளவில் நிம்மதி. ஆனால் இந்த ஒரு வீடு?

படங்கள் ஒவ்வொன்றும் உயிரோடு இருந்தன. அவள் சிப்பில் எடுத்துக் கொடுத்த எந்தப் படமும் இப்படி இல்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அதில் எல்லாரும் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார்கள். இதில் ஒருத்தி தலைமுடியை மீசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி முறையான இரண்டு மைனிகள் ஒருத்தியை ஒருத்தி குண்டுக்கட்டாகத் தூக்கப் பார்த்து விழுந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் மஹபூப் பீவி. ஆதார் கார்டுக்குத் தவிர ஆயுசில் படமே எடுத்துக்கொள்ளாதவர். தலையில் துணி இல்லாமல், கன்னத்தை உப்ப வைத்துக்கொண்டு, ஒரு கை இடுப்பிலும் ஒரு கை காற்றிலுமாக, பின்பக்கத்தை ஒரு பக்கம் ஒடித்து நடந்துகொண்டிருந்தார். பின்னால் அத்தனை பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர் யார் நடையை நடந்து காட்டுகிறார் என்று அன்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். மாப்பிள்ளையின் தாயார். இன்று மூத்த மகள் வாழ்வது அந்தம்மாள் வீட்டில்தான்.

அழித்துவிடலாம். ஒரு பொத்தான். யாருக்கும் தெரியப்போவதில்லை. அழித்துவிட்டால், என் கிட்ட ஒண்ணும் இல்ல என்பது உண்மையாகிவிடும். பிறகு எந்த கேமராவையாவது வாங்கிக்கொண்டு நாசியா கல்யாணத்துக்குப் போகலாம்.

அவள் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. இதையே வேறு ஒருத்தி செய்துவிட்டுத் தன்னிடம் வந்து, "இருந்துச்சு, அழிச்சிட்டேன்" என்று சொன்னால் நாம் நம்புவோமா? மாட்டோம். சொல்லாமலே அழித்துவிட்டால்? அப்போது நம்பிக்கொண்டிருப்போம். அந்த இரண்டாவதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அப்படியானால் நம்மை நம்பியவர்கள் எல்லாரும் விவரம் தெரியாததால் நம்பினார்கள் என்றுதானே அர்த்தம்? நாம் நல்லவளா, இல்லை மாட்டிக்கொள்ளாதவளா?

மறுநாள் புதுச்சேரி பஸ் பிடித்தாள். வேலை போய்விடும் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இரும்பை ரோடு பிரிகிற இடத்தில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஒரு முறை எழுந்து நின்றாள். கண்டக்டர் "இன்னாம்மா, எறங்கறீங்களா?" என்றதும் உட்கார்ந்துவிட்டாள்.

மஹபூப் பீவி உள்ளறையில் துணிமணிகளுக்கு நடுவில் தனியாக இருந்தார். ஹஸீனா கதவைச் சாத்தியபோதே அவர் முகம் மாறிவிட்டது. அவள் நடந்ததை வரிசையாகச் சொன்னாள். சிப்பு கொடுத்தது, சும்மா கிளிக் என்று அடித்தது, அது சும்மா போகாமல் உள்ளே உட்கார்ந்தது, விழுப்புரத்தில் தெரிந்தது, எல்லாவற்றையும். சொல்லி முடித்து கேமராவை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை. பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இத்தினி வருஷமா உன் வூட்லயா இருந்துச்சு?"

"ஆமா மாமி. எனக்குத் தெரியாது."

"யார் யார் பாத்தது?"

"நான் மட்டும்தான். நேத்து."

"உன் வூட்டுக்காரரு?"

"இல்ல."

"கூட ஒரு படிச்ச பொண்ணு வந்துச்சுன்னியே, அது?"

"அதுகிட்ட சொல்லவேயில்ல மாமி."

சற்று நேரம் கழித்து, வேறு பேச்சு பேசுவது போல, இதை எப்படி அழிப்பது என்று அந்தப் பெண்ணிடம் காட்டிக் கேட்டாயா என்று சுற்றி வந்து மறுபடி கேட்டார். ஹஸீனாவுக்குக் கோபம் வரவில்லை. மாமியின் இடத்தில் அவள் இருந்திருந்தால் இன்னும் ஐந்து விதமாகக் கேட்டிருப்பாள்.

பிறகு மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேமராவைக் கையில் எடுத்தார். முதல் படத்தில் உதடு இறுகியது. ஒவ்வொன்றாக அழிக்கச் சொன்னார். ஹஸீனா அழிக்கும் பொத்தானைக் காட்டினாள், அழுத்தியது மாமிதான். அழுத்தியதும் திரையில் ஒரு கேள்வி வந்தது.

"இன்னா கேக்குது?"

"நெசமாவே அழிக்கட்டுமான்னு கேக்குது."

"அதுக்கும் சந்தேகமா?" என்றார் மஹபூப் பீவி. சிரிக்காமல்தான் சொன்னார். ஆமாம் என்று அழுத்தினார். மீசைக்காரி போனாள், மைனிகள் போனார்கள். அவர்கள் அத்தனை பேரும் யார் யாருடைய வீட்டுக்கோ வாழப் போனவர்கள். ஒருத்தி விடாமல் பெயரைச் சொல்லிச் சொல்லி அழித்தார். கடைசிப் படம் வந்தது. அவருடைய விரல் நின்றது. அவர் தன் நடையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹஸீனா தரையில் கிடந்த ஜாக்கெட் துணியின் மேல் கண்ணை வைத்துக்கொண்டாள்.

"இப்ப இன்னா கேமரா வாங்கப் போற?" என்றார் திடீரென்று, தலையை நிமிர்த்தாமல்.

ஹஸீனா இரண்டைப் பற்றியும் மறைக்காமல் சொன்னாள். வெள்ளி நிறம், வெளியே எதையும் அனுப்பாது, ஆனால் உள்ளே வைத்துக்கொள்ளும். கறுப்பு, உள்ளே எதையும் வைக்காது, சிப்பு இல்லாவிட்டால் அழுத்தினாலும் அசையாது, ஆனால் போனுக்கு அனுப்பும். எதை வாங்குவது என்று தனக்கே புரியவில்லை என்றும் சொன்னாள்.

மஹபூப் பீவி யோசித்தார். "போனு இருந்தாத்தான அனுப்பும்? போனெல்லாம் நான் டப்புல போட்டு மூடி வெச்சிருப்பேன். வெளிய போறத நான் பாத்துக்கறேன். உள்ள ஒளிச்சு வெச்சுக்கறத யாரு பாக்கறது?"

நீ வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சொல்லி அனுப்புகிறேன் என்றார். அந்த வார்த்தைக்கு அந்தத் தெருவில் என்ன அர்த்தம் என்று ஹஸீனாவுக்குத் தெரியும். பெண் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சொல்லும் வார்த்தை. அவள் கேமராவுக்காகக் கையை நீட்டினாள். மாமி அதைத் தன் மடியில் வைத்துத் துணியால் மூடினார்.

"இது இங்கயே இருக்கட்டும். உனக்கு ஒடஞ்சு போனதுதான?"

அழித்ததை நம்பாமல் வைத்துக்கொள்கிறாரா? அந்தக் கடைசிப் படத்தை அழித்தாரா, இல்லையா? ஹஸீனா கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இனிமேல் இல்லை என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸுக்கு நின்றாள். அடுத்த விசேஷம் என்று இனி யார் கூப்பிடுவார்கள், தையல் மிஷினைத் தூசு தட்ட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மாமி. எடுக்கவே பயமாக இருந்தது.

"ஏ ஹஸீனா, எங்க இருக்க?" குரல் தாழ்ந்திருந்தது, பக்கத்தில் யாரோ இருப்பதுபோல. "இது அணைஞ்சு போச்சுடி. அமுக்கினா பாட்டரி படம் மட்டும் போட்டுக் காட்டுது. சார்ஜ் போடறது எதுல?"

அழித்துவிட்ட கேமராவுக்கு எதற்குச் சார்ஜ்?

"அதுக்குத் தனி சார்ஜர் மாமி. வீட்ல இருக்கு. யாராச்சும் இந்தப் பக்கம் வந்தா குடுத்தனுப்பறேன்."

"யார் கையிலயும் வேணாம். நீயே கொண்டா. ஜல்தியா கொண்டா." கொஞ்சம் நிறுத்தி, இன்னும் தாழ்ந்த குரலில், "வரும்போது அந்தக் கறுப்பையும் வாங்கிக்கினு வா. கல்யாணத்துக்கு முன்னாடி நான் ஒருவாட்டி பாக்கணும்" என்றார்.

பஸ் வந்து நின்றது. உள்ளே இடமிருக்கிறது என்று கண்டக்டர் கத்தினார். ஹஸீனா போனைக் காதில் வைத்தபடியே, "சரி மாமி, சரி மாமி" என்று சொல்லிக்கொண்டு ஏறினாள். ஏறிய பிறகுதான் பார்த்தாள், உட்கார ஒரு சீட்டுகூட இல்லை.